ஓர்ஃபாவின் கட்டைவிரல்

ஓர்ஃபா செய்துகொண்டு வரும் ஜாம் கேக்கை அந்தச் சபையில் ஒருத்தரும் தொடுவதில்லை. பிளாக்பெர்ரி ஜாமைத் தாராளமாகப் போட்டு, மேலே சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றி, மூன்று நாள் மூடி வைத்து ஊறவிட்டுத்தான் கொண்டுவருவாள். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் பின்புறம் மரத்தடியில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் கூடிச் சாப்பிடுவார்கள். பியானோ வாசிக்கிற வில்லடீன் கொண்டுவரும் வறட்டுத் தேங்காய்க் கேக்கூட அரைமணியில் காலியாகிவிடும். ஓர்ஃபாவின் கேக்கில் அவள் புருஷன் ஹோபார்ட் தின்ற இரண்டு துண்டுதான் குறைந்திருக்கும். அவனும் ஆசைப்பட்டுத் தின்பவனில்லை. வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாமே என்று தின்பவன்.

குறை கேக்கில் இல்லை, அவளுடைய வலதுகைக் கட்டைவிரலில் இருந்தது.

கென்டக்கியில் ஹேலி கிராஸிங் என்ற அந்தச் சின்ன ஊரில் சபையார் வீடுகள் முக்கால்வாசி ஒரே தெருவில் இருந்தன. ஒவ்வொரு வீட்டுப் பின்தோட்டத்திலும் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு மரப்பெட்டி, பெட்டியில் ஒன்றரை அங்குலத் துளை. போதகர் வீட்டில் மட்டும் இரண்டு. மொத்தம் பதினாலு பெட்டி. பதினாலும் ஓர்ஃபா அறைந்து மாட்டியவை. பனி விலகத் தொடங்கும்போதே நீலக்குருவி ஜோடிகள் வந்து துளைக்குள் தலையை விட்டுப் பார்க்கும். முதுகெல்லாம் நீலம், மார்பு செங்கல் நிறம். அன்றைக்குத் தெரு முழுக்க டெலிபோன் அடிக்கும். "எங்க வீட்டுக்கு வந்தாச்சு, உங்க வீட்டுக்கு?" என்று கேட்கிற குரலில், பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்ட மிதப்பு இருக்கும். போட்டோ பிடித்துக் கிறிஸ்துமஸ் அட்டையில் போடுவார்கள். கர்த்தர் தங்கள் வீட்டைத் தனியாகக் கவனித்திருக்கிறார் என்று நினைப்பு.

அந்த ஒன்றரை அங்குலத் துளையில் இன்னொன்றும் நுழையும். சிட்டுக்குருவி. நம் பக்கத்தில், வீட்டில் கூடு கட்டினால் கலைக்கக் கூடாது என்பார்களே, அதே சிட்டுக்குருவிதான். அங்கே அது வந்தேறி. எந்தக் காலத்திலோ எவனோ வேலைவெட்டி இல்லாதவன் கப்பலில் கொண்டுவந்து விட்டான், அது நாடெல்லாம் பெருகிவிட்டது. அதைக் கொன்றால் சட்டம் கேட்காது. நீலக்குருவி முட்டையை விரலால் தொட்டால் கேட்கும்.

பெட்டிக்குள் ஓர்ஃபா ஒரு தகரப் பொறி வைப்பாள். உள்ளே வந்த குருவி மிதித்ததும் தகடு டப்பென்று எழும்பித் துளையை அடைத்துக்கொள்ளும். வலைப்பையைப் பெட்டியில் சுற்றி, குருவியைக் கையில் வாங்கி, அதன் மார்பில் கட்டைவிரலை வைத்து ஒரே அமுக்கு. பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிடும். ரத்தம் கிடையாது, சத்தமும் கிடையாது. வருஷத்துக்கு முப்பது நாற்பது இப்படிப் போகும். அதனால்தான் அந்தத் தெருவில் பதினாலு பெட்டியிலும் நீலக்குருவி பொரித்தது.

அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போன் செய்வார்கள். "சிஸ்டர், அந்தப் பழுப்புச் சனியன் வந்து உக்காந்திருக்கு. நான் கடைக்குப் போறேன், நான் திரும்பி வர்றதுக்குள்ள கொஞ்சம் முடிச்சிட்டுப் போயிடுங்களேன்." காரியம் ஆகும்வரை சிஸ்டர். ஆன பிறகு அவள் குடித்துவிட்டு வைத்த டம்ளரை இரண்டு தடவை கழுவுவார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நீலக்குருவி வேண்டும், கை மட்டும் வேறு யாருடையதாகவோ இருக்க வேண்டும். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று ஓர்ஃபாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு ஒதுக்குப்புறம்தான். மூத்தவளுக்கு வேதாகமத்திலிருந்து ரூத் என்று பேர் வைத்த அப்பா, இளையவளுக்கு அதே கதையில் பாதி வழியில் திரும்பிப் போனவளின் பேரை வைத்தார். பதினெட்டு வயதில் கோழி வெட்டும் ஆலைக்குப் போனாள். இருபத்தாறு வருஷம். கொக்கியில் தலைகீழாக வரிசை கட்டி வரும் கோழிகள், தரையெல்லாம் இளஞ்சிவப்புத் தண்ணீர், எத்தனை சோப்பு போட்டாலும் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும் ஈரச் சிறகு நாற்றம். அங்கே அவள் வெட்டிய கோழியின் தொடையை வறுத்து, எலும்பை உறிஞ்சி, விரலை நக்கிவிட்டு, "பாவம் சிஸ்டர், அந்தச் சின்னக் குருவிய எப்பிடித்தான் மனசு வந்து கொல்றீங்களோ" என்று கேட்கிற ஜனம். அவர்களைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டாமல் என்ன செய்யும்?

அவளுக்கும் ஒரு காலத்தில் குமட்டியது உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பின்தோட்டத்தில் முதல் பெட்டி இருந்தது. ஐந்து நீல முட்டை. ஒரு வாரம் ஆலையில் கூடுதல் வேலை, பெட்டியைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை திறந்தாள். உள்ளே வைக்கோலும் கோழிச் சிறகும் மிட்டாய்த் தாளுமாகச் சிட்டுக்குருவியின் கந்தல் கூடு. அதைக் கையால் அள்ளி வெளியே எடுத்தாள். அடியில் தாய்ப்பறவை முட்டைகளின் மேல் படுத்தபடியே கிடந்தது. தலையில் இறகு இல்லை, தோல் இல்லை, கண் இருந்த இடத்தில் கண் இல்லை. பொட்டு வைத்தாற்போல அந்தத் தலையை மட்டும் குறிபார்த்துக் கொத்தியிருக்கிறது. செத்ததை வெளியே தள்ளக்கூட மெனக்கெடாமல் அதன் மேலேயே மெத்தை போட்டுக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. உள்ளங்கையில் புழு நெளிந்தது. கோழி ஆலையில் ஒரு நாளும் வாந்தி எடுக்காத ஓர்ஃபா வேலியைப் பிடித்துக்கொண்டு காலையில் தின்றதையெல்லாம் வெளியே தள்ளினாள். மறுநாள் ஹோபார்ட்டின் தகரக் கத்தரியை எடுத்து முதல் பொறியைச் செய்தாள்.

அப்புறம் அவளுக்கு வேறு வேலையில்லை. நீலக்குருவிக் குஞ்சுகளுக்கென்று மாவுப்புழு வாங்கிப் பழைய வெண்ணெய் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்பாள். ஒருநாள் ஹோபார்ட் அதைத் திறந்து, ரொட்டிக்குத் தடவக் கத்தியை உள்ளே விட்டுவிட்டான்.

"அடியே, இது என்ன டப்பாவுக்குள்ள ஊருது?"

"பாத்துத் தொறக்கணும். மேல எழுதியிருக்குல்ல."

"வெண்ணெய்னுதான்டி எழுதியிருக்கு."

"அதுக்குக் கீழ புழுன்னு நான் எழுதியிருக்கேன். கண்ணு எங்க வச்சிருக்க?"

"கட்டினது உன்னை. கண்ணு இருந்திருந்தா கட்டியிருப்பனா?" என்று சொல்லிவிட்டு, அவன் புகையிலை எச்சிலைக் காகிதக் குவளையில் துப்பினான். அந்தக் குவளையைப் பார்த்தாலும் அவளுக்கு அருவருப்புத்தான். முப்பத்தெட்டு வருஷமாக ஒருவர் அருவருப்பை ஒருவர் பொறுத்துக்கொண்டு குடித்தனம் நடந்தது.

அந்த வருஷம் மார்ச்சில் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். போதகர் நல்ல மனுஷர், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். போதகரம்மாதான் ஆட்டி வைப்பவள். ஜேனெல் என்று பேர், முப்பத்தைந்து வயது, பேச்சில் தேன் சொட்டும். கோயிலை ஒட்டினாற்போல அவர்கள் வீடு. பின்தோட்டத்தில் ஓர்ஃபாவின் பெட்டி இரண்டு, ஒன்று துணிக்கொடி ஓரம், ஒன்று வேலி ஓரம். வந்த வாரமே ஜன்னல் கதவுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று இரண்டு பெட்டிக்கும் கரும்பச்சைச் சாயம் பூசி, துளைக்குக் கீழே உட்கார ஒரு குச்சியும் அடித்தாள் ஜேனெல்.

ஓர்ஃபா ரம்பத்தோடு போய்க் குச்சியை அறுத்தாள். "ஏம்மா, நீலக்குருவிக்குக் குச்சி வேண்டாம். சிட்டுக்குருவிக்குத்தான் உக்காந்து வேடிக்கை பாக்கக் குச்சி வேணும். இந்தக் கறுத்த சாயமும் ஆகாது. வெயில் காலத்துல உள்ள அடுப்பா கொதிக்கும்."

"பாக்க அழகா இருக்கே சிஸ்டர்," என்றாள் ஜேனெல்.

அழகா இருக்காம். ஓர்ஃபா பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். போதகரம்மா காலையில் ரொட்டித் துணுக்கை முற்றமெல்லாம் வீசுவதையும், சிட்டுக்குருவிகள் விருந்தாளியாக வந்து இறங்குவதையும் வேலிக்கு இந்தப்புறம் இருந்து பார்த்து வயிறெரிந்தாள்.

ஏப்ரலில் வில்லடீன் வீட்டுப் பின்தோட்டத்தில் ஓர்ஃபா ஒரு குருவியை அமுக்கிக்கொண்டிருந்தபோது ஜேனெல் ஏதோ பாட்டுப் புத்தகம் வாங்க வந்துவிட்டாள். பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அடுத்த புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பேச்சு அதுதான். ஜேனெல் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள்: "ரெண்டு குருவி ஒரு காசுக்கு விக்கிறதில்லையா, அதுல ஒண்ணுகூட அவர் சித்தமில்லாம தரையில விழாதுன்னு வேதத்துல இருக்கு. நம்ம தோட்டத்துல இப்படியா நடக்கறது?"

இத்தனை வருஷம் கடைக்குப் போய் ஒளிந்துகொண்ட பெண்கள் அத்தனை பேரும் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாற்போல உச்சுக் கொட்டினார்கள். வில்லடீன் எல்லோரையும்விடப் பெரிதாக. "எனக்கும் மனசு ஒப்பாதும்மா. ஓர்ஃபாகிட்ட யாரு சொல்றது?" என்றாள். ஓர்ஃபா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

முடிவாக ஜேனெல் ஒன்று சொன்னாள். ஜூன் முதல் ஞாயிறு சாப்பாட்டின்போது சபைப் பெண்கள் கையைத் தூக்கித் தீர்மானிப்பார்கள். அதற்குள் சிட்டுக்குருவி அப்படியெல்லாம் கொல்கிறது என்பதைத் தன் கண்ணுக்கு ஓர்ஃபா காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதினாலு பெட்டியிலிருந்தும் பொறியை எடுத்துவிட்டு, இனி யார் தோட்டத்துக்குள்ளும் அவள் கால் வைக்கக் கூடாது.

அன்றைக்கு ஓர்ஃபா வீட்டுக்கு வந்து ஹோபார்ட்டிடம் சொன்னாள். "பொறிய எடுத்தா ரெண்டே வருஷம். இந்தத் தெருவுல ஒரு நீல இறகு மிஞ்சாது."

"போனாப் போகுதுன்னு விடேன். உனக்கென்ன, நம்ம வீட்டுல ஒரு பெட்டி இருக்குல்ல."

"பதினாலும் என்னோடது ஹோபார்ட். வேற என்ன இருக்கு எனக்கு?"

அவன் குவளையில் துப்பவில்லை. அதை அவள் கவனித்தாள்.

மே கடைசியில் ஜேனெலே போன் செய்தாள். துணிக்கொடிப் பெட்டியில் ஐந்து குஞ்சு பொரித்து நாலு நாள். வேலியோரப் பெட்டியைச் சிட்டுக்குருவி பிடித்துக்கொண்டது. அது துணிக்கொடிப் பெட்டிக்குள்ளும் தலையை விட்டுப் பார்க்க, நீல ஆணும் பெண்ணும் உயிரைக் கொடுத்து விரட்டிக்கொண்டிருந்தன. ஜேனெல் மூச்சுவிடாமல் இதைச் சொல்லி முடித்தாள்.

"பிடிச்சுத் தூரமாக் கொண்டுபோய் விட்டுடலாம்ல சிஸ்டர்? கொல்லாம?"

"முதல்ல பிடிபடட்டும்மா. மத்தது அப்புறம்."

ஜூன் முதல் ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால் ஓர்ஃபா வேலியோரப் பெட்டிக்குள் பொறியை வைத்தாள். இந்த வேலையில் ஒரே ஒரு விதி உண்டு. அரைமணிக்கு ஒருதரம் போய்ப் பார்த்தாக வேண்டும். எது சிக்கும் என்று பொறிக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஓர்ஃபா ஒரு அரைமணியைத் தவறவிட்டதில்லை. தவறவிட்ட அடுத்த ஊர்க்காரி ஒருத்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காறித் துப்பாத குறையாகத்தான் பேசுவாள். அன்றும் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்து, பிரசங்கத்துக்கு நடுவே இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பன்னிரண்டரைக்கும் பார்த்தாள். பெட்டி காலி. வெயில் மண்டையைப் பிளந்தது.

மேசையில் வழக்கம்போல வறுத்த கோழி மலையாகக் குவிந்திருந்தது. மஞ்சள்கருவை மசித்து அடைத்த முட்டை, பச்சை பீன்ஸ், சோள ரொட்டி, ஜாடி ஜாடியாகக் குளிர்ந்த இனிப்பு டீ. ஓரத்தில் வெட்டாத ஜாம் கேக். ஓர்ஃபா ஒரு மணிக்கு எழுந்தபோது ஜேனெல் அவள் தோளில் கை வைத்து உட்காரவைத்தாள்.

"எங்க போறீங்க சிஸ்டர்? இன்னிக்கு என் பக்கத்துலதான் உக்காரணும். இன்னிக்கு என்ன தீர்மானம் ஆனாலும், நமக்குள்ள மனஸ்தாபம் இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு எல்லோரும் பார்க்க அந்தக் கேக்கை வெட்டி ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். "அடேயப்பா, இது என்ன இப்பிடி இருக்கு? இவ்வளவு நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

போதகரம்மா தின்றுவிட்டாள் என்றதும் மற்றவர்களுக்கும் கை நீண்டது. வில்லடீன் ஒரு துண்டு எடுத்தாள், ஒருத்தி இரண்டு எடுத்தாள், ஒருத்தி பாகு எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டாள். ஓர்ஃபா சொல்ல ஆரம்பித்தாள். சர்க்கரை எந்த நிறத்துக்கு வந்ததும் பால் ஊற்ற வேண்டும், எப்போது கிளறலை நிறுத்த வேண்டும். ஒருத்தி எழுதிக்கொண்டாள். அவள் சொல்ல, சபைப் பெண்கள் கேட்டார்கள். நடுவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். இதோ இந்தத் துண்டு, இதோ இந்தப் பேச்சு என்று உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஒருத்தி, "வாங்க, கையைத் தூக்கி முடிச்சிடலாம்" என்றபோதுதான் ஓர்ஃபா எழுந்து தோட்டத்துக்குப் போனாள். சிட்டுக்குருவி வேலிக் கம்பியில் உட்கார்ந்து கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பெட்டியின் துளை மூடியிருந்தது. கரும்பச்சைப் பலகையில் கை வைத்தாள், சுட்டது.

திறந்தாள். உள்ளே நீல ஆண். வேலியோரப் பெட்டியில் எதிரியைத் துரத்தப் போயிருக்கிறது, மிதித்திருக்கிறது. அலகு திறந்திருந்தது, நாக்கு காய்ந்திருந்தது, மூலைகளில் நகம் பிறாண்டிய கோடுகள். வெகு நேரம் பிறாண்டியிருக்கிறது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது, அது உயிரின் சூடா பலகையின் சூடா என்று அவளுக்குத் தெரியவில்லை. பொறித் தகட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஏன் போட்டுக்கொண்டோம் என்று அவள் யோசிக்கவில்லை. கை தானாகப் போட்டது.

பின்னால் காலடிச் சத்தம். ஜேனெல் கேக் தட்டோடு வந்தாள், பின்னால் வில்லடீன், இன்னும் நாலு பேர். ஓர்ஃபாவின் உள்ளங்கையில் நீலத்தைப் பார்த்ததும் ஜேனெல் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ. அதுவா? அந்தக் குருவியா பண்ணிச்சு?"

குருவி கொத்தின தலை எப்படி இருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் ஓர்ஃபாவுக்கு மட்டும்தான் தெரியும். கையில் இருந்த தலையில் ஒரு கீறல் இல்லை. கட்டைவிரலை மெல்ல நகர்த்தித் தலையை மறைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "குருவி வேலைதான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் சொல்கிற எனக்கே எச்சில் கசக்கிறது. ஜேனெல் அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதாள். துணிக்கொடிப் பெட்டியில் தாய் மட்டும் புழுவோடு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. "நான்தான் ரொட்டி போட்டு வளத்தேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ள, வில்லடீன் முதுகைத் தடவி, "ஓர்ஃபா இத்தன வருஷமா சொன்னா, நாமதான் கேக்கல" என்றாள். நாமாம். கையைத் தூக்கினார்கள். எல்லாக் கையும் தூக்கியிருந்தது. பதினாலு பெட்டியும் ஓர்ஃபாவுக்கே.

பறவையைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பின்தோட்டத்தில் குழி தோண்ட ஆரம்பித்தாள். ஹோபார்ட் மண்வெட்டியை வாங்கிக்கொள்ள வந்தவன் கைக்குட்டையை விலக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"தலை சுத்தமா இருக்கே."

அவள் கைக்குட்டையை இழுத்து மூடினாள்.

"இருபத்திரண்டு வருஷமா எனக்கும் காட்டியிருக்கியே ஓர்ஃபா. குருவி கொத்தினா இப்பிடியா இருக்கும்?"

"வாய மூடிட்டுக் குழியத் தோண்டு."

"சொல்லிடு. அந்தப் பொண்ணு அழுதுட்டுப் போச்சு."

"சொன்னா பதினாலும் போச்சு."

"சொல்லலைன்னா?"

அவன் தோண்டி, மூடி, காலால் மிதித்துவிட்டு உள்ளே போனான். இரவுச் சாப்பாட்டில் ஒரு கிண்டலும் பேசவில்லை. அவன் கிண்டல் பேசாத வீடு அவளுக்குப் பழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஜேனெல் போன் செய்தாள். பொறியை அவளே கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அரைமணிக்கு ஒருதரம் மணி அடிக்க சமையலறைக் கடிகாரத்தைத் திருகிவைத்து, தவறாமல் போய்ப் பார்த்திருக்கிறாள். "மாட்டிக்கிச்சு சிஸ்டர். அதேதான். வாங்க."

ஓர்ஃபா போனபோது வில்லடீனும் வேறு இரண்டு பெண்களும் வேலியோரம் நின்றிருந்தார்கள். ஒருத்திகூடக் கடைக்குப் போகவில்லை. வலைப்பையைச் சுற்றிக் குருவியைக் கையில் எடுத்தாள். கறுப்புத் தொண்டை, பழுப்பு முதுகு, கைக்குள் அதன் இதயம் தடதடவென்று அடித்தது. இப்படி எழுநூறு எண்ணூறு இதயம் அந்தக் கையில் அடித்து நின்றிருக்கிறது. கட்டைவிரலை மார்பில் வைத்தாள்.

அமுக்க வரவில்லை.

இது வேறு எத்தனையோ அட்டூழியம் செய்திருக்கலாம், நாளைக்கே துணிக்கொடிப் பெட்டிக்குள் புகுந்து ஐந்து குஞ்சையும் கொத்தியும் போடலாம். ஆனால் இதைக் கொல்ல இவர்கள் கூடி நிற்பது எதற்காகவோ, அதை இது செய்யவில்லை. விரலை எடுத்தாள், மறுபடி வைத்தாள். குருவி அவளையே ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

"ஜேனெல்லம்மா," என்றாள். "அந்த ஞாயித்துக்கிழமை... இது வந்து..."

"தெரியும் சிஸ்டர்." ஜேனெல் கிட்டே வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியும். இத்தன வருஷமா எங்க எல்லாருக்காகவும் நீங்க ஒத்தையாச் செஞ்சீங்க. நாங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம். இனிமே உங்கள ஒத்தையா விட மாட்டேன். குடுங்க இங்க."

"இல்லம்மா, கேளு, நான் சொல்றது..."

"குடுங்க சிஸ்டர்."

குடுத்தாள். அதுதான் அவள் செய்தது, குருவியைக் கொடுத்தாள். வாயிலிருந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, உயிரோடு இருந்த அதைக் கைமாற்றிவிட்டாள். ஜேனெல் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தாள். பழக்கமில்லாத கை, இடம் தெரியவில்லை. பத்து எண்ணுவதற்குள் முடியவில்லை. முப்பது எண்ணியும் முடியவில்லை. ஒரு சின்ன எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது, அலகிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அவள் நகத்தில் விழுந்தது. வில்லடீன், "அப்பிடித்தான், இன்னும் கொஞ்சம் அழுத்தும்மா" என்றாள். வில்லடீன், மனசு ஒப்பாத வில்லடீன்.

ஒருவழியாக அடங்கியது. ஜேனெல் கண்ணைத் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்து, அப்புறம் மெல்லச் சிவந்தது.

"சரியாச் செஞ்சேனா சிஸ்டர்?"

"சரியாத்தாம்மா செஞ்ச," என்றாள் ஓர்ஃபா.

ஜேனெல் கவுனில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமை மிச்சம் வைத்திருந்த ஜாம் கேக்கைக் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு துண்டு வெட்டி, தட்டில் வைக்காமல் கையிலேயே எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் தின்றார்கள், அவளும் அதே கையால் தின்று விரலை நக்கினாள். ஓர்ஃபாவின் துண்டில் பாகின் மேல் ஜேனெலின் கட்டைவிரல் பதிந்த பள்ளம் தெரிந்தது. கோழி ஆலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த ஓர்ஃபாவுக்கு அதை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

ஹோபார்ட் வாசலில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முதல் தடவையாக அவனே பேச்சுக் கொடுத்தான்.

"என்ன, எனக்குக் கேக்கு மிச்சம் இல்லையா இந்தத் தடவ?"

ஓர்ஃபா சட்டைப்பைக்கு வெளியே கையை வைத்து, உள்ளே இருந்ததை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல," என்றாள். "எல்லாரும் தின்னுட்டாங்க."